கணக்குப் பயம் தீர்க்கும் நிலையம்

டொன்வலிப் பல்கலைக்கழகத்தின் திறந்த கதவு நிலவறையில் இருந்தது. அது எப்போதும் பூட்டியே கிடக்கும். மணியை அடித்துவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

சந்திரவதனா அந்த மணியை முதன்முதல் அடித்தது எண்பத்தைந்தாம் ஆண்டு செப்ரெம்பரில். அதற்கு முன்பே அவள் அங்கே வேறு பல கதவுகளைத் தட்டியிருந்தாள். கையில் அனுமதிக் கடிதம் இருந்தது. பௌதிகவியல் பட்டப்படிப்பில் அவளைச் சேர்த்துக்கொள்வதில் பெருமகிழ்ச்சி அடைவதாக அதில் எழுதியிருந்தார்கள். மகிழ்ச்சியில் ஒரு குறையும் இல்லை. வகுப்பில் இருக்க விடுவதுதான் முடியாமல் இருந்தது.

யாழ்ப்பாணத்தில் ஏ.எல். என்னும் உயர்தர வகுப்பில் அவள் படித்தது தாவரவியல், விலங்கியல், இரசாயனவியல், பௌதிகவியல். வீட்டில் எல்லாருக்கும் அவளை டொக்டராகப் பார்க்க ஆசை. டொக்டருக்குக் கணக்கு எதற்கு என்று கணிதத்தை அதற்கு முந்திய ஓ.எல்.லோடு நிற்பாட்டிவிட்டார்கள். பிறகு மருத்துவத்துக்கு மார்க்ஸ் போதாமற் போயிற்று. அந்த நாலு பாடத்திலும் அவளுக்கு மனதோடு ஒட்டியது பௌதிகம் ஒன்றுதான். மற்றவற்றில் படித்ததை ஒப்புவிக்க வேண்டும். பௌதிகத்திலோ ஒரு பந்தை எறிந்தால் அது எங்கே விழும் என்று முன்கூட்டியே சொல்லலாம். சொன்ன இடத்தில் அது விழும். அந்தக் காலத்து யாழ்ப்பாணத்தில் அப்படி நம்பக்கூடியதாக வேறொன்றும் இருக்கவில்லை.

முதலாம் ஆண்டுப் பௌதிகத்துக்குக் கூடவே நுண்கணிதமும் எடுக்க வேண்டும் என்றார் பதிவு மேசையில் இருந்தவர். நுண்கணிதம் எடுப்பதற்குப் பள்ளிக்கூடத்துப் பதின்மூன்றாம் வகுப்புக் கணிதம் வேண்டும். பதின்மூன்றாம் வகுப்பில் சேரப் போனாள்; வயது கூடிவிட்டது என்றார்கள். இரவுப் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். அங்கே இருந்தவர் அனுமதிக் கடிதத்தைப் படித்துவிட்டு எழுந்து நின்று கைகொடுத்தார். பல்கலைக்கழக மாணவி ஒருத்தியைப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது அவளை அவமதிப்பது போலாகும் என்று சொல்லி வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

நாட்டைவிட்டு வந்து குடியிருந்த மல்வேர்னில் அவளோடு இருந்தது அண்ணன் நவரட்ணம். பிளாஸ்ரிக் வாளி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் அவனுக்கு ஷிப்ற் வேலை.

"உனக்கேன் உந்தக் கரைச்சல்?" என்றான் அவன். "எக்கவுண்டிங் செய். வருசம் முடிய வேலை."

"எனக்கு அதில விருப்பமில்லை அண்ணை."

"விருப்பத்தைப் பாத்தா நான் வாளி செய்யிறன்?" அவன் சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கொஞ்சநேரம் காலைப் பார்த்துக்கொண்டிருந்தான். "சரி. ஒரு வருசம் தாறன். வாற செப்ரெம்பர் நீ ரெண்டாம் வருசத்தில இல்லையெண்டால் எக்கவுண்டிங். பிறகு கதை ஒண்டும் இருக்கப்படாது."

அப்படித்தான் அவள் நிலவறைக்கு இறங்கினாள். பள்ளிக்கூடத்தில் மேற்கணிதம் படிக்காமல் வருகிறவர்களுக்காகப் பல்கலைக்கழகம் நடத்திய திட்டத்தின் பெயர்தான் 'திறந்த கதவு'. தொடக்கத்தில் அங்கே ஓர் ஆசிரியர் இருந்து அட்சரகணிதமும் திரிகோணகணிதமும் படிப்பித்தாராம். பிறகு டொக்டர் பிறாம்வெல் என்பவர் பணிப்பாளராக வந்தார். கணிதம் தெரியாதவர்களை அவர் ஆராய்ந்து பார்த்தார். அவர்களில் பெரும்பாலானோர் கணிதத்துக்குப் பயந்தவர்கள் என்று கண்டுபிடித்தார். ஆகவே பயத்தைப் போக்கிவிட்டால் கணிதம் தானாக வந்து சேர்ந்துவிடும் என்று முடிவுகட்டினார். ஆசிரியர் பதவி ஒழிக்கப்பட்டது. அந்தப் பணத்தில் மெத்தைத் தலையணைகள் வாங்கினார்கள். அறைக்குக் கணித அச்ச நீக்க நிலையம் என்று புதுப் பெயர் வந்தது.

கதவைத் திறந்தது ஆலோசகர் ஜூடித். நீளமான பின்னல் சட்டையும் தாழ்ந்த குரலும் அவருக்கு.

"மிஸ் என்று வேண்டாம், ஜூடித் என்றே கூப்பிடுங்கள். உங்களைச் சாண்ட்ரா என்று கூப்பிடலாமா? பெயர் நீளமாக இருந்தால் அதுவும் ஒரு பதற்றம்."

பெயர் யாருக்குப் பதற்றம் தருகிறது என்று சந்திரவதனாவுக்கு விளங்கவில்லை. தலையாட்டிவிட்டு உட்கார்ந்தாள்.

"வகையீடு என்ற சொல்லைக் கேட்கும்போது உங்களுக்குள் என்ன நடக்கிறது?"

"ஒன்றும் நடக்கவில்லை."

"ஒன்றுமேயா?"

"அதன் பொருள் எனக்குத் தெரியாது மிஸ். தெரிந்தால் ஏதாவது நடக்கலாம்."

ஜூடித் அதை எழுதிக்கொண்டார். பிறகு கேள்விகள் அச்சடித்த தாள்களைக் கொடுத்தார். எண்களைக் கண்டால் உள்ளங்கை வியர்க்குமா, கரும்பலகை கனவில் வருமா, கணித ஆசிரியரின் நடைச் சத்தம் இப்போதும் கேட்கிறதா என்றெல்லாம் கேட்டிருந்தது. எல்லாவற்றுக்கும் இல்லை என்று அடையாளமிட்டாள். கூட்டிப் பார்த்தபோது பூச்சியம் வந்தது. ஜூடித் இரண்டாம் முறையும் கூட்டினார். பிறகு மெல்ல எழுந்து போய் டொக்டர் பிறாம்வெல்லை அழைத்து வந்தார்.

டொக்டர் பிறாம்வெல் உயரமானவர். பேசும்போது கண்ணை மூடிக்கொள்வார். எதிரே இருப்பவர்கள் தன் சிந்தனையைக் கலைத்துவிடாமல் இருப்பதற்காக அப்படி ஒரு வழக்கம்.

"சிலருக்கு வியர்க்கும்," என்றார் அவர். "சிலர் அழுவார்கள். அவர்களைக் குணப்படுத்துவது இலகு. அச்சம் அடியோடு உறைந்துபோனவர்கள் மட்டுமே ஒன்றும் நடக்கவில்லை என்பார்கள். உங்கள் நாட்டில் யுத்தம் நடப்பதாக அறிகிறேன்."

"ஆமாம்."

"அதுதான்."

"ஆமி வீட்டுக்கு வந்தபோது எனக்குப் பயமாக இருந்தது சேர். கணக்குக்குப் பயமில்லை. எனக்கு அது படிப்பிக்கப்படவில்லை, அவ்வளவுதான்."

"இரண்டும் ஒன்றே," என்றார் பிறாம்வெல் கண்ணைத் திறக்காமல். "ஒன்று உருவம் மாறி மற்றதாகிறது."

கணித வகுப்பு எப்போது தொடங்கும் என்று அவள் கேட்டாள். அவள் தயாரானதும் தொடங்கும் என்றார். தயாராகிவிட்டதை எப்படி அறிவது என்று கேட்டாள்.

"தயாரானவர்கள் அதைக் கேட்பதில்லை," என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

அடுத்த கிழமையே அவள் வட்டத்தில் உட்கார்த்தப்பட்டாள். சப்பாத்தைக் கழற்றிவிட்டுத் தலையணையில் சப்பாணி கட்டி இருக்க வேண்டும். முதலில் மூச்சுப் பயிற்சி. பிறகு ஒவ்வொருவராக, எண்கள் என் நண்பர்கள் என்று சொல்ல வேண்டும். எந்த எண் என்று சொல்ல வேண்டியதில்லை. அது சிலருக்குத் தாங்காது. வட்டத்தில் பல வயதினரும் இருந்தார்கள். மூன்றாம் வருடமாக அங்கே வந்துகொண்டிருந்த முன்னாள் பஸ் சாரதி ஒருவர், தனக்கு இப்போது கணிதத்தில் துளியும் பயமில்லை, கணிதம் என்றால் என்னவென்றே மறந்துவிட்டது என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். ஜூடித் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஒருநாள் கணிதத்தை ஒரு பிராணியாக வரையச் சொன்னார்கள். ஒருவர் ஓநாய் வரைந்தார். இன்னொருவர் எட்டுக் காலும் பல்லுமாக ஒரு சிலந்தியை வரைந்தார். சந்திரவதனாவுக்கு வரையத் தெரிந்த பிராணி கரப்பான் ஒன்றுதான். விலங்கியல் செய்முறைப் பரீட்சைக்கு அதை வெட்டி வெட்டியே கை பழகியிருந்தது. முதுகோடு பிளந்து இரண்டு பக்கமும் ஊசி குத்தி விரித்த கரப்பானை வரைந்து, வாயுறுப்புத் தொடங்கிக் குதம்வரைக்கும் அம்புக்குறி போட்டுப் பெயரெழுதினாள். நன்றாக வந்திருக்கிறது என்று அவளுக்கே தோன்றியது.

ஜூடித் அதை வெகுநேரம் பார்த்தார். "ஏன் அதன் உடம்பு திறந்திருக்கிறது?"

"திறக்காவிட்டால் உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாது மிஸ்."

அன்றிலிருந்து அந்த அறையில் கத்தரிக்கோல் வைப்பதை நிறுத்திவிட்டார்கள்.

ஒக்ரோபரில் அரசாங்கத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். நிலையத்துக்கு இன்னும் பணம் கொடுக்கலாமா என்று பார்ப்பது அவர்களது வேலை. வட்டத்தின் நடுவில் நின்று டொக்டர் பிறாம்வெல் பேசினார்.

"பெருமையோடு சொல்கிறேன். மூன்று ஆண்டுகளாக இந்த அறைக்குள் ஒரு சமன்பாடுகூட நுழைந்ததில்லை. இங்கே ஒருவரும் தோற்றதில்லை. மேலே கணிதத் திணைக்களத்தில் ஆண்டுதோறும் அரைவாசிப் பேர் தோற்கிறார்கள். காரணம் வெளிப்படையானது. அவர்கள் பரீட்சை வைக்கிறார்கள்."

வந்தவர்கள் குறிப்பெடுத்தார்கள். பிறகு விளம்பரத்துக்காக ஒரு படம் பிடிக்க வேண்டும் என்றார்கள். பலரையும் பார்த்துவிட்டுச் சந்திரவதனாவைத் தெரிவுசெய்தார்கள். நீலச் சேலை இருந்தால் நல்லது என்று சொல்லியனுப்பினார்கள். மறுநாள் அவள் சேலையோடு வந்தபோது ஒரு ஓவியர் பெரிய மட்டையொன்றில் ஒரு சூத்திரம் வரைந்து வைத்திருந்தார். நீண்ட கழுத்தோடு ஒரு குறி, அதன் காலடியில் சின்ன எழுத்துகள், பக்கத்தில் ஒரு பின்னம். சுட்டுவிரலை அந்தப் பின்னத்தில் வைத்துச் சிரிக்கச் சொன்னார்கள். வைத்தாள். சிரித்தாள்.

நவெம்பர் நடுப்பகுதியில் ஒருநாள் நவரட்ணம் வேலையால் வந்து சாப்பாட்டுக் கோப்பையோடு இருந்தான்.

"உன்ர படம் பஸ்ஸில ஒட்டிக்கிடக்கு," என்றான்.

"ஓம் அண்ணை. எடுத்தவை."

"பெரிய படம். சாரதிக்குப் பின்னால. என்னோட வேலை செய்யிற ஆள் ஒருத்தன் கேட்டான், உது என்ன கணக்கு எண்டு. தங்கச்சியிட்டைக் கேட்டுச் சொல்லுறன் எண்டனான். என்ன கணக்கு உது?"

"தெரியாது."

"உன்ர விரல் அதிலதானே நிக்குது."

"வைக்கச் சொன்னவை. வைச்சன்."

நவரட்ணம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். வாயில் வைக்கவில்லை.

"அப்ப ரெண்டு மாசமா அங்க என்ன செய்யிறாய்?"

அவளுக்குப் பொய் சொல்ல வரவில்லை. "மூச்சு விடுறன் அண்ணை."

அவன் கோப்பையைக் கீழே வைத்தான். ஏசவில்லை. ஏசியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். கை கழுவிவிட்டு வந்து, "நான் எக்கவுண்டிங்குக்கு நிரப்பிற போம் எடுத்துக்கொண்டு வாறன்," என்று மட்டும் சொன்னான்.

மறுநாள் பஸ்ஸில் அவள் தன் படத்துக்கு நேர் கீழே உட்கார நேர்ந்தது. பக்கத்தில் இருந்த பெண் படத்தைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள், மரியாதையோடு கொஞ்சம் தள்ளி இருந்தாள். சந்திரவதனாவுக்கு வெட்கமும் கோபமும் ஒன்றாகக் கிளம்பின. பல்கலைக்கழகத்தில் இறங்கியதும் நிலவறைப் படியைத் தாண்டி நேரே நடந்தாள். மேல்மாடியில் முதலாம் ஆண்டு நுண்கணிதம் நடக்கும் மண்டபத்தை விசாரித்துக் கண்டுபிடித்தாள். அதற்குப் பூட்டு இல்லை. மணி இல்லை. திறந்த கதவு என்று எங்கும் எழுதியிருக்கவுமில்லை. உள்ளே நூற்றுக்கணக்கானவர்கள் இருந்தார்கள். கடைசி வரிசையில் ஒரு கதிரையில் போய் இருந்தாள். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

பாடம் நடத்தியது புரொபெசர் டக்வேர்த். உள்ளே வருவார், கரும்பலகைக்கு முகத்தைக் காட்டிக்கொண்டு எழுதத் தொடங்குவார், மணி அடித்ததும் சோக்கை வைத்துவிட்டுப் பக்கக் கதவால் போய்விடுவார். வகுப்புக்கு அவர் காட்டியது முதுகை மட்டுமே. எழுதும்போது இடைக்கிடை ஒரு வசனம் சொல்வார்: "இதைப் பள்ளிக்கூடத்திலேயே பார்த்திருப்பீர்கள்." அதைச் சொல்லும்போது குரலில் ஓர் அலுப்பு இருக்கும். பார்க்காதவர்கள் எழுந்து போகலாம் என்பதுபோல.

சந்திரவதனா எழுந்து போகவில்லை. அவர் அந்த வசனத்தைச் சொல்லும் இடமெல்லாம் என்ன எழுதியிருந்தாரோ அதைப் பார்த்து எழுதிக்கொண்டாள். தான் பள்ளிக்கூடத்தில் எதைப் பார்க்கவில்லை என்பதை இவ்வளவு தெளிவாக அவளுக்கு வேறு ஒருவரும் சொன்னதில்லை. மல்வேர்ன் நூலகத்தில் பதின்மூன்றாம் வகுப்புப் புத்தகங்களை எடுத்தாள். மடக்கை, சார்பு, திரிகோணகணிதம் என்று ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்துச் செய்தாள். பஸ்ஸில் செய்தாள். சமையலறை மேசையில் செய்தாள். சைனையும் கொஸ்ஸையும் கட்டிப் பிடித்து ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குக் கொண்டுபோகும் கணக்குகளில் கிழமைக்கணக்காக மாட்டுப்பட்டாள். ஒருநாள் ஒன்றும் வராமல் புத்தகத்தை மூடிவைத்தவள், மறுபடி திறக்க மனம் வராமல், கழுவிவைத்த கோப்பைகளையே எடுத்துத் திரும்பவும் கழுவினாள். அதுதான் கணக்குப் பயம் என்று தெரிந்தது. படிக்கத் தொடங்கிய பிறகுதான் அது வந்தது. நிலையத்தில் இருந்த காலத்தில் அது கிட்டவும் வரவில்லை.

பெப்ரவரியில் ஒருநாள் அவள் வகையீட்டுக் கணக்குகளைச் செய்துகொண்டிருந்தாள். ஏதோ நினைப்பில், பள்ளிக்கூடத்தில் பாடமாக்கிய தூரச் சூத்திரத்தை எடுத்து வகையிட்டுப் பார்த்தாள். அதற்குள்ளிருந்து வேகச் சூத்திரம் வந்து விழுந்தது. அந்த இரண்டையும் அவள் ஏ.எல். வகுப்பில் வேறுவேறாகப் பாடமாக்கியிருந்தாள், இரண்டு அந்நியர்கள்போல. ஒன்றுக்குள் மற்றது இருந்திருக்கிறது. அவள் பேனையை வைத்துவிட்டு எழுந்து யன்னலடிக்குப் போனாள். வெளியே பனிக்குள் பஸ் ஒன்று நின்று ஆட்களை ஏற்றிக்கொண்டு புறப்பட்டது. முதலில் ஊர்ந்து, பிறகு வேகம் பிடித்து, வளைவில் மறைந்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. நவரட்ணம் படுத்திருந்தான்.

அதே கிழமை பஸ்ஸில் தன் படத்தை மறுபடி பார்த்தாள். இப்போது நீண்ட கழுத்துக் குறியின் பெயர் தெரிந்தது, தொகையீடு. ஆனால் அங்கே எதைத் தொகையிட வேண்டும் என்பதே எழுதியிருக்கவில்லை. பின்னத்தின் கீழே ஒரு பூச்சியம் இருந்தது. ஓவியர் அழகுக்காக எழுதியிருக்கிறார்.

அவ்வளவு நாளும் அவள் நிலையத்துக்குப் போவதை விடவில்லை. போகாவிட்டால் மாணவி என்ற பதிவே போய்விடும். கிழமைக்கொருமுறை தலையணையில் இருந்து மூச்சு விட்டாள். அவளது முகத்தில் ஒரு தெளிவு தெரிகிறது என்று ஜூடித் எழுதி வைத்தார்.

ஏப்ரலில் உடற்பயிற்சி மண்டபத்தில் நுண்கணிதப் பரீட்சை நடந்தது. வராதவர்களின் மேசைகள் பல வெறுமையாகக் கிடந்தன. அவள் ஒன்றில் இருந்து, தன் சொந்தப் பெயரையும் மாணவி எண்ணையும் எழுதி, தெரிந்ததைச் செய்தாள். தெரியாததை விட்டாள். அறுபத்தொரு மார்க்ஸ் வந்தது. புரொபெசர் டக்வேர்த் பேப்பர் திருத்தும்போதும் ஆளைப் பார்ப்பதில்லை. கொம்பியூட்டர் பார்த்தது. வகுப்பில் இல்லாத ஒருத்திக்கு மார்க்ஸ் இருப்பதைக் கண்டு அது மூன்று நாள் வேலைசெய்ய மறுத்தது.

மே மாதத்தில் விசாரணை வைத்தார்கள். நீண்ட மேசையின் தலைப்பில் பதிவாளர் இருந்தார்.

"இந்தப் பல்கலைக்கழகத்தில் கற்பதற்கு ஒரு முறை இருக்கிறது," என்று அவர் தொடங்கினார். "அனுமதி பெற்றுக் கற்காமல் போனவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி எமக்கு முறைப்பாடு இல்லை. அனுமதி பெறாமல் ஒருவர் கற்றுக்கொண்டார் என்றால், மற்றவர்களுக்கு நாங்கள் கொடுத்த அனுமதியின் பெறுமதி என்ன?"

புரொபெசர் டக்வேர்த்தைச் சாட்சி கேட்டார்கள். அவர் யன்னலைப் பார்த்துக்கொண்டு பதில் சொன்னார். "நான் கரும்பலகைக்குத்தான் பாடம் நடத்துகிறேன். என் முதுகுக்குப் பின்னால் நடப்பதற்கு நான் பொறுப்பல்ல. அங்கே யாராவது இருக்கிறார்கள் என்பதே எனக்கு இப்போதுதான் உத்தியோகபூர்வமாகத் தெரியவருகிறது."

டொக்டர் பிறாம்வெல் கண்ணை மூடியபடி எழுந்தார். "அன்பர்களே, இதில் குற்றம் எங்கே இருக்கிறது? அச்சத்தை நீக்கினால் கணிதம் தானாக வரும் என்று சொன்னேன். இதோ வந்துவிட்டது."

"சேர், நிலையத்தில் நான் மூச்சு விட மட்டும்தான் பழகினேன்," என்றாள் சந்திரவதனா.

"கேட்டீர்களா," என்றார் பிறாம்வெல். "எல்லாம் அங்கிருந்துதான் தொடங்குகிறது."

பதிவாளரின் முகம் தெளிந்தது. எல்லாரும் மரியாதையோடு வெளியே போவதற்கு ஒரு வழி கிடைத்துவிட்டது. நிலையத்தின் சிகிச்சையாலேயே தனக்குக் கணிதம் வந்தது என்று அவள் கையெழுத்து வைத்தால் மார்க்ஸ் செல்லும். பௌதிகத்துக்குக் கோடைகால வகுப்பு இருக்கிறது, அதையும் முடித்துவிட்டு செப்ரெம்பரில் இரண்டாம் ஆண்டுக்குப் போகலாம். வைக்காவிட்டால், அனுமதியில்லாமல் கற்றதற்காக விலக்குவார்கள். யோசிக்க ஒருநாள் கொடுத்தார்கள்.

வீட்டில் மேசைமேல் எக்கவுண்டிங் போம் கிடந்தது. நவரட்ணம் நடந்ததையெல்லாம் கேட்டான்.

"அவையள் சொல்லுறது பொய்யோ?"

"முழுப் பொய். நான் தலையைப் பிச்சுக்கொண்டு படிச்சது. அவங்கட பேரில போகப்போகுது."

"கையெழுத்து வைச்சா ரெண்டாம் வருசமோ?"

"ஓம்."

அவன் நாடியைத் தடவிக்கொண்டிருந்தான். "பக்டரியில மாசாமாசம் பாதுகாப்பு வகுப்புக்குப் போனன் எண்டு கையெழுத்து வைக்கிறன். அப்பிடியொரு வகுப்பு நடந்ததே இல்லை. அதுக்கு எனக்கு ஆர் டிகிரி தாறாங்கள்?"

அவள் சிரிக்கவில்லை. அவனும் சிரிக்கவில்லை. கொஞ்சம் கழித்து அவன் எழுந்து அந்தப் போமை எடுத்து மடித்து, ஆடுகிற மேசைக்காலின் கீழே வைத்தான்.

கையெழுத்து வைக்கும்போது அவளுக்குக் காது சுட்டது. டொக்டர் பிறாம்வெல் அவளைத் தோளில் தட்டினார். சாட்சிக்கு ஆள் கிடைத்துவிட்டதால், வியாழக்கிழமைகளில் அவள் நிலையத்தின் சின்ன அறையில் இருந்து, புதிதாக வருகிறவர்களுக்குத் தான் குணமான கதையைச் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடாயிற்று. மறுக்க முடியாது, கையெழுத்தில் அதுவும் சேர்ந்திருந்தது.

கோடையில் பௌதிகத்தை முடித்தாள். செப்ரெம்பரில் இரண்டாம் ஆண்டு தொடங்கியது. முதலாவது வியாழக்கிழமையே வேரோனிக்கா வந்து சேர்ந்தாள். யாழ்ப்பாணத்துக் குருநகர்ப் பெண். ஏ.எல்.லில் வர்த்தகம் படித்தவள். கணிதத்தில் பட்டம் எடுக்க ஆசைப்பட்டு விண்ணப்பித்திருந்தாள். அவளும் வகையீடு என்ற சொல்லைக் கேட்டால் தனக்குள் ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்லியிருந்ததால் நிலையமே கொஞ்சம் கலங்கிப்போயிருந்தது.

"அக்கா, உதுக்குள்ள எத்தினை மாசம் இருக்கோணும்?" என்று கேட்டாள்.

"இருந்தா முடிவே இல்லை. உனக்குச் சைன், கொஸ் தெரியுமோ?"

"பேர் கேள்விப்பட்டிருக்கிறன்."

சந்திரவதனா கதவைச் சாத்தினாள். பழைய ஆசிரியர் காலத்துக் கரும்பலகை ஒன்று அந்த அறையின் சுவரில் இருந்தது. அதன்மேல் சூரிய அஸ்தமனப் படம் ஒன்றை மாட்டியிருந்தார்கள். அவள் அதைக் கழற்றிச் சுவரோடு சாத்தினாள். கிடைத்த துண்டுச் சோக்கால் ஒரு முக்கோணம் கீறினாள்.

கதை மெல்லப் பரவியது. மாரி வருவதற்குள் அந்த அறைக்கு வியாழக்கிழமை தவறாமல் வருகிறவர்கள் கூடிவிட்டார்கள். முன்னாள் பஸ் சாரதியும் வந்தார். மறந்துபோனதெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வருகிறது, பயமாகவும் இருக்கிறது என்று சந்தோசமாகச் சொன்னார். அந்தமுறை நுண்கணித மண்டபத்தில் ஒருவரும் பின்வரிசையில் ஒளிக்கவில்லை. இவர்கள் தயார் என்று எழுதித் தரும்படி சந்திரவதனா கேட்டதும் ஜூடித் எழுதிக் கொடுத்தார்; அதைக் காட்டி வகுப்பில் பதிந்துகொண்டார்கள். அடுத்த ஏப்ரலில் அவர்களில் பலர் நுண்கணிதத்தில் பாஸ் பண்ணினார்கள். வேரோனிக்காவுக்குச் சந்திரவதனாவைவிடக் கூடிய மார்க்ஸ்.

டொக்டர் பிறாம்வெல்லுக்கு ஒரு பதக்கம் கிடைத்தது. கணிதத் திணைக்களம் மேல்மாடியில் ஓர் உதவி அறை வைத்திருந்தது. கணக்கு விளங்காதவர்களுக்கு அங்கே யாராவது இருந்து விளங்கப்படுத்துவார்கள். அது இனித் தேவையில்லை என்று மூடி, நிலையத்துக்குக் கொடுத்தார்கள். தலையணை வைக்க இடம் போதாமல் இருந்ததாம்.

எண்பத்தேழாம் ஆண்டு இலையுதிர்காலத்தில் அவர் வேறு மாகாணங்களிலிருந்து வந்த விருந்தினரை நிலையம் முழுக்கச் சுற்றிக் காட்டினார். அவர்கள் வருவது வியாழக்கிழமை என்பதை ஒருவரும் சந்திரவதனாவுக்குச் சொல்லி எச்சரிக்கவில்லை. சின்ன அறையின் கதவு திறந்தபோது வேரோனிக்கா கரும்பலகையடியில் சோக்கோடு நின்றாள். பாஸ் பண்ணிய பிறகும் அவள் வருவதை விடவில்லை. அடுத்த வருடப் பாடத்தில் மாட்டுப்பட்டிருந்தாள். பலகை மேலிருந்து கீழ்வரை தொகையீட்டுக் கணக்கால் நிறைந்திருந்தது.

டொக்டர் பிறாம்வெல் கண்ணைத் திறந்தார். "இது என்ன?"

அறையில் இருந்த எல்லாரும் சந்திரவதனாவைப் பார்த்தார்கள். இரண்டாம் வருடத்தை முடித்துவிட்டாள். மூன்றாம் வருடத்தில் நின்றாள். இவர் ஒரு சொல் சொன்னால் எல்லாம் போகும்.

"இவருடைய அச்சம் சேர்," என்றாள். "உள்ளே இருப்பதை வெளியே எடுத்து எழுதச் சொன்னேன்."

பிறாம்வெல் பலகைக்குக் கிட்டப் போனார். மேலிருந்து கீழாகப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மீண்டும் பார்த்தார். பிறகு விருந்தினரிடம் திரும்பினார்.

"இவ்வளவு சிறிய பெண் ஒருத்திக்குள் எவ்வளவு இருந்திருக்கிறது, பாருங்கள்."

விருந்தினர் பலகையைச் சூழ்ந்து நின்று பார்த்தார்கள். அவர்களில் ஓர் அம்மா, மூன்றாம் வரியில் இருக்கும் நீண்ட கழுத்துக் குறி எதைக் காட்டுகிறது என்று தணிந்த குரலில் கேட்டார்.

"அது அநேகமாக அவருடைய தந்தை," என்றார் பிறாம்வெல்.

வேரோனிக்கா பலகைப் பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளது தோள் குலுங்கியது. அந்த அம்மா போய் அவளது முதுகைத் தடவிக் கொடுத்தார்.

அந்தப் பலகையை யாரும் அழிக்கக்கூடாது என்று உத்தரவு வந்தது. அதை அப்படியே கழற்றிக் கொண்டுபோய், கண்ணாடி போட்டு, மேலே ஒரு விளக்கும் பூட்டி, வாசலில் மாட்டினார்கள். அடுத்த வியாழக்கிழமை சின்ன அறையின் சுவரில் வெறும் ஆணிகள் மட்டும் இருந்தன. சந்திரவதனா இருந்து ஒரு விண்ணப்பம் எழுதினாள். மாணவர்களுக்குள் அச்சம் இன்னும் நிறைய மிச்சமிருக்கிறது, எழுதி வெளியேற்ற இடமில்லாமல் அவதிப்படுகிறார்கள் என்று காரணம் காட்டினாள்.

ஒரு கிழமைக்குள் மூன்று கரும்பலகைகள் வந்தன. இன்னும் வேண்டுமானால் தயங்காமல் கேட்கும்படி டொக்டர் பிறாம்வெல் கைப்பட எழுதியிருந்தார்.

வேரோனிக்கா புதுச் சோக்குப் பெட்டியை உடைத்துக்கொண்டு எழும்பினாள்.

"அக்கா, போனமுறை அப்பாவில நிப்பாட்டினனாங்கள்," என்றாள்.